ஹெட்போனில் அடைத்த இலவம்பஞ்சு

3 ஜூலை 1977, ஞாயிறு. உடும்பஞ்சோலை

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். அர்த்தநாரியின் எதிரில் போய் நின்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. பெயரே போதும்.

அப்பா இறந்த செய்தி தந்தியில் வந்தது. உடனே கிளம்பினேன். போடி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கி வீட்டுப் பாதையில் நடந்தால், எதிரே ஈர வேட்டியோடு வருகிறார்கள். எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு வருகிறார்கள். முன்னால் அவன். "வந்துட்டியா" என்றான். அவ்வளவுதான். மழை வரும்போல இருந்ததாம், அதனால் எடுத்துவிட்டார்களாம். அன்று மழை பெய்யவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. வாங்கிவிட்டு ஏலத்தோட்டத்து ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவன் எனக்கு மேலே சூப்பிரண்டு. அதையெல்லாம் விழுங்கிவிட்டேன். இது மட்டும் இறங்கவில்லை.

"நான் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலையா?" — இந்த ஒரு வாக்கியம்தான். வருஷக்கணக்காக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழுக்க வைத்திருக்கிறேன். என் மனைவி கமலாத்தாள் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போகிறாள். அவள் திரும்பட்டும். ஆடி கழியட்டும். போகிறேன்.

6 ஜூலை

முதலாளியின் மருமகன் ஆபீசுக்கு வந்தான். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹெட்போன் ஒன்றை என் மேசையில் எறிந்துவிட்டு, சத்தம் தகர டப்பா மாதிரி இருக்கிறது, யாருக்காவது கொடுங்கள் என்று போய்விட்டான். யாருக்காவது! நான்தான் அந்த யாரோ.

காதை முழுவதும் மூடும் வகை. கிண்ணம் கிண்ணமாக இரண்டு, பின்பக்கம் அடைப்பு. இந்தக் கையால் எத்தனை ரேடியோவைப் பிரித்திருக்கிறேன், இப்படி ஒன்றைத் தொட்டதில்லை. முனையிலிருந்த தடித்த பின்னை வெட்டிவிட்டு, இரண்டு பக்கத்து ஒயரையும் சேர்த்துச் சின்னப் பின் வைத்தேன். டிரான்சிஸ்டரில் சொருகினேன். அவன் சொன்னது சரிதான். தகர டப்பா. மேல் சத்தம் காதைக் குத்துகிறது, அடிச்சத்தம், அந்த பேஸ், அறவே இல்லை.

ஆனால் ஏன் இல்லை?

12 ஜூலை

கமலா வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, உங்கண்ணனுக்குக் காது மந்தமாயிப் போச்சுங்க. அந்த ரைஸ்மில் எஞ்சின் பக்கத்துலயே கெடந்தா என்னாகும்? நாங்க பொம்பளைங்க கூப்புட்டா ஒண்ணும் கேக்கறதில்லீங்க. நாயனம் அந்த ஊது ஊதறாங்க, அவரு பாட்டுக்குச் சொவத்தப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு."

காது போய்விட்டதா? யாரைக் கேட்டுக்கொண்டு போயிற்று? இத்தனை வருஷம் நான் ஒரு வாக்கியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன், அவன் பாட்டுக்குச் செவிடாகிவிட்டால்? சாப்பிட உட்கார்ந்தேன். அவள் பரிமாறிக்கொண்டே இன்னொன்று சொன்னாள்: "ஆனா ஒண்ணுங்க, தவுல்காரர் அடிக்க ஆரமிச்சதும் தொடையில தாளம் போட்டாரு."

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மேல் ஸ்தாயி போயிருக்கிறது. கீழ் ஸ்தாயி இருக்கிறது! எஞ்சின் சத்தத்தில் கெடும் காது முதலில் மெல்லிய, உயர்ந்த ஒலிகளைத்தான் இழக்கும். பெண்கள் பேச்சு கேட்காது, தவுல் கேட்கும். அவனுக்கு வேண்டியது பேஸ். வெளிச்சத்தம் புகாத, காதை மூடிய பேஸ்.

இந்த ஹெட்போனை அவனுக்காகச் சரி செய்கிறேன். பாசத்தினால் அல்ல. கேட்காத ஆளிடம் சண்டை போட முடியாது.

15 ஜூலை

கிண்ணத்தைத் திறந்தேன். உள்ளே வெறும் பொட்டல். விரலால் தட்டினால் கிண்ணமே 'டொக்' என்று பாடுகிறது. குடத்துக்குள் பேசுவது போல் அந்த ஒரே சத்தம் எல்லாவற்றின் மேலும் ஏறிக்கொள்கிறது. தலையணையை ஓரத்தில் பிரித்து இலவம்பஞ்சு எடுத்துத் திணித்தேன். திணித்தது அதிகம், சத்தம் ஊமையாகிவிட்டது. பாதியை உருவினேன். உதறி, காற்றுப்போல வைத்தேன். ஆ! குடம் போய்விட்டது. மிருதங்கத்தின் இடது பக்கம் எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று தெரிகிறது.

கமலா: "ஹெட்போனு தடிச்சிட்டே போகுது, என் தலகாணி எளச்சிட்டே போகுதுங்க."

21 ஜூலை

கிண்ணத்தின் சுவர் கனமாக வேண்டும், அப்போதுதான் அதிராது. ஈயத்தகடு எங்கே கிடைக்கும்? ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் நெருப்புப் போடும் மிக்கேல் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். அவன் வீட்டுக் கோழி அடைவது பழைய தேயிலைப் பெட்டியில். உள்ளே ஈயத்தகடு ஒட்டியது.

"என்ன சார், எங்கோழி வீட்டுல கை வைக்கிய? அது முட்ட விடுறதே அந்த மினுமினுப்பப் பாத்துத்தான்."

"புதுப் பெட்டி தர்றேன்டா."

"எங்கிட்டச் சொல்லி என்ன சார், அதுகிட்டக் கேளும்."

கோழி என் மணிக்கட்டில் கொத்தியது. தகட்டைக் கத்தரித்து, அரக்கு உருக்கி உள்ளே ஒட்டினேன். தட்டினால் இப்போது 'தப்' என்கிறது, கல்லைத் தட்டியது போல. நல்ல சத்தம்! ஆனால் பாரம். கொஞ்ச நேரம் மாட்டினால் கழுத்து வலிக்கிறது.

24 ஜூலை, ஞாயிறு

இன்று பெரிய கண்டுபிடிப்பு. நழுவியதைப் பிடிக்கப்போய் இரண்டு கையாலும் கிண்ணங்களைக் காதோடு அழுத்தினேன் — பேஸ் வந்தது! கையை எடுத்தேன், போயிற்று. அழுத்தினேன், வந்தது. எடுத்தேன், போயிற்று. சிறுபிள்ளை போல மறுபடி மறுபடி செய்தேன்.

குற்றம் ஒலிபெருக்கியில் இல்லை, இடைவெளியில்தான். காதைச் சுற்றிய மெத்தை வளையம் முகத்தில் சரியாகப் படியவில்லை. என் மூக்குக்கண்ணாடியின் காம்பு அதைத் தூக்கி நிறுத்துகிறது. கன்ன எலும்புக்குக் கீழே பள்ளம். அந்த ஓட்டையில் பேஸ் முழுவதும் ஓடிவிடுகிறது. அடிச்சத்தத்துக்கு ஊசிமுனை வழி போதும்.

31 ஜூலை

தலைமேல் வரும் வளைவுக் கம்பியை இறுக்கினேன். பேஸ் உண்டு, தலைவலியும் உண்டு. தளர்த்தினால் இரண்டும் இல்லை.

9 ஆகஸ்ட்

மழையும் மூடுபனி மஞ்சுமாக ஒரு வாரம். தீக்குச்சி பற்றவில்லை, உப்பு கரைகிறது. ஹெட்போனைத் திறந்தால் பஞ்சு நனைந்த பூனை மாதிரி கிடக்கிறது. இந்த மலையில் ஈரமான எதையும் எல்லோரும் கொண்டுபோய் வைக்கும் இடம் ஏலக்காய் ஸ்டோர்தான். சட்டை, புத்தகம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பை, எல்லாம் அங்கே காய்கிறது. நானும் தட்டில் காயும் ஏலக்காய்க்கு நடுவே ஹெட்போனை வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

படித்த முட்டாள்! மிக்கேல் வாசலில் வந்து கத்தினான்: "சார், ஒம்ம காதுக்குழா அவிஞ்சிட்டு வருது, ஓடி வாங்க!"

நெருப்பை ஏற்றியிருக்கிறான். ஓடினேன். மெத்தை வளையங்கள் வெயிலில் வைத்த வெல்லம் போல இளகிவிட்டன. எல்லாம் போயிற்று, என் கை வைத்தது எது உருப்பட்டது என்று நினைத்துக்கொண்டே, உள்ளே ஒயர் அறுந்ததா என்று பார்க்கத் தலையில் மாட்டினேன். சுடச்சுட. கண்ணாடியோடு. மாட்டியபடியே மஞ்சுக்குள் நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் மிக்கேல் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டுக்குள் வருவதற்குள் குளிரில் ஆறி இறுகிவிட்டது. டிரான்சிஸ்டரில் சொருகினேன்.

எழுத முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

10 ஆகஸ்ட்

வளையம் என் முகத்தையே அச்சு எடுத்துக்கொண்டது! கண்ணாடிக் காம்புக்கு ஒரு வாய்க்கால், கன்னப் பள்ளத்துக்கு ஒரு மேடு. எங்கும் இடைவெளி இல்லை. இறுக்க வேண்டியதே இல்லை, கம்பியைத் தளர்த்திவிட்டேன். பாரம் முகம் முழுவதும் பரவுவதால் பாரமாகவே தெரியவில்லை. மேலே வளைவுக்குக் கமலா பழைய கம்பளியை மடித்து மெத்தை தைத்துக் கொடுத்தாள்.

காலையில் திருச்சி வானொலியில் நாகஸ்வரம். நான் நாகஸ்வரத்தைக் கேட்கவில்லை. தவுலைக் கேட்டேன். கோலால் அடிக்கும் பக்கம் — அந்தத் 'தொம்' — காதில் விழவில்லை, நெஞ்சுக்குழியில் விழுந்தது. கூடவே ஏலக்காய் வாசனை! பஞ்சு வாசனையைப் பிடித்துக்கொண்டுவிட்டது. என்னை மறந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேனாம். கமலா சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

17 ஆகஸ்ட்

முதலாளி மருமகன் ஆபீசில் என் கழுத்தில் பார்த்துவிட்டான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், சத்தம் அற்புதமாக இருக்கிறது என்று. கையை நீட்டினான். கொடுக்காமல் இருக்க முடியுமா? மாட்டிக்கொண்டான். டிரான்சிஸ்டரைத் திருகு திருகு என்று திருகினான்.

"இதில் ஒந்நும் இல்லல்லோ! பழய டப்பா தன்னே."

இட்லி போல உருண்டை முகம் அவனுக்கு. என் முகத்து மேடும் பள்ளமும் அவன் கன்னத்தில் எங்கே உட்காரும்? சுற்றிலும் ஓட்டை. கழற்றி என்னிடமே எறிந்துவிட்டுப் போனான். மிக்கேல் மாட்டிப் பார்த்தான்: "கொசு பாடுத மாதிரிலா இருக்கு சார்." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எவனும் கேட்க மாட்டான்!

வீட்டுக்கு வரும் பாதியில் கால் நின்றுவிட்டது. எவனுக்கும் பொருந்தாது என்றால் அவனுக்கும்தானே பொருந்தாது? இவ்வளவு பாடும் என் ஒரு தலைக்காகவா? இன்னொரு தரம் இளக்கினால் வளையம் தாங்காது.

18 ஆகஸ்ட்

உருமால்.

விடிந்து பல் விளக்கும்போது நினைவுக்கு வந்தது. என் கல்யாணத்தன்று தலைப்பாகை கட்டுகிறவருக்கு நேரமாகிவிட்டது. முகூர்த்தம் தப்பப்போகிறது என்று எல்லோரும் கத்தினார்கள். அர்த்தநாரி தன் தலையில் கட்டியிருந்த உருமாலைக் குலையாமல் அப்படியே தூக்கி என் தலையில் வைத்தான். ஒரு மடிப்பு நகரவில்லை. "ஒரே அச்சுல வார்த்த தலைங்க" என்று அத்தை சொன்னாள்.

கமலாவிடம் கேட்டேன்: "அங்க கண்ணாடி போடறாரா?"

"போடாம? உங்களுது மாதிரியே கட்டக் கண்ணாடிங்க. பந்தியில பின்னால இருந்து பார்த்துட்டு, நீங்க எப்ப வந்தீங்கன்னு தெகச்சுப் போயிட்டேன்."

காம்பு, கன்னம், தாடை. எல்லாம் சரி! பொருந்தும். பொருந்தாமல் எங்கே போகும்!

20 ஆகஸ்ட், சனி

இனிப் பேசுவது எப்படி என்பதுதான் பாக்கி. மிக்கேல் தங்கள் மாதாகோவில் மைக் செட்டைத் தூக்கி வந்தான். "சாமியார் மூணாறு போயிருக்காவ. நாளைக்குப் பூசைக்கு முன்னால கொண்டு வச்சிரணும் சார், இல்ல என் தோலு மேளத்துக்குப் போயிரும்." மைக்கில் பேசி ஹெட்போன் வழியாக அனுப்பினால் மந்தக் காதுக்கும் எட்டும். இதே போல ஒரு செட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்குப் போய், இதை அவன் தலையில் மாட்டி, எதிரே உட்கார்ந்து சொல்லிவிடலாம் — இதுதான் என் திட்டம்.

எனக்கு நானே மாட்டிப் பார்த்தேன். கமலா சமையல்கட்டில் இருந்தாள். அந்த வாக்கியத்தை, அவனிடம் எப்படிச் சொல்வேனோ அந்த வேகத்தில், மைக்கில் சொன்னேன்.

"நான் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியலையா?"

காதில் பேசியது நான் இல்லை. அடிச்சத்தத்தோடு, அந்தக் கரகரப்போடு, சின்ன வயசில் வாய்க்கால் மேட்டிலிருந்து என்னைக் கூப்பிடுமே, அந்தக் குரல். அண்ணன். அண்ணன் என்னைக் கேட்கிறார்.

இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். அவர்தான்.

மைக்கை அணைத்துவிட்டேன். கமலா எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கரண்டு போச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

21 ஆகஸ்ட், ஞாயிறு

மைக் செட் பூசைக்கு முன் போய்ச் சேர்ந்தது. மிக்கேல் தோலும் பத்திரம்.

நான் ஒன்றையும் மன்னிக்கவில்லை. அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். அன்று மழை பெய்யவில்லை என்பது பெய்யவில்லைதான்.

ஆனால் நேற்றிலிருந்து அந்த வாக்கியத்தை என் குரலில் சொல்ல வரவில்லை. என்ன செய்வது?

23 ஆகஸ்ட்

கிண்ணங்களுக்குள் பஞ்சைப் புதிதாக மாற்றினேன். கமலா கேட்காமலே தலையணையைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். நன்றாகக் காய்ந்த பஞ்சு. பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக் காற்றுக்கு ஈரம் ஏறாது. பின்னை ஒரு தரம் சோதித்தேன். அண்ணனிடம் இருப்பதும் சின்னப் பின் சொருகும் டிரான்சிஸ்டர்தானாம், கமலா பார்த்திருக்கிறாள். கடைசியாக ஒரு முறை மாட்டிக்கொண்டு காலைத் தவுலைக் கேட்டேன். கழற்ற மனம் வரவில்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பிஸ்கட் டின்னில் வைத்து, சுற்றிலும் ஏலத்தட்டைச் சருகு அடைத்து, மேலே துணி போட்டுக் கமலா தைத்தாள். தைத்துக்கொண்டே, "ஒரு வரி எழுதி உள்ள வைக்கறதுதானுங்களே?" என்றாள். எழுத உட்கார்ந்தேன். 'கண்ணாடியோடு மாட்டவும். இறுக்க வேண்டாம்.' அதற்குக் கீழே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, மேல் வரியை மட்டும் கிழித்து வைத்தேன்.

பெறுநர் முகவரி எழுதியாயிற்று. அனுப்புநர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். கமலா ஊசியை வாயில் கவ்வியபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாளைக் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் தபாலில் சேர்க்கிறேன். பெயர் போடவில்லை. மாட்டிப் பார்க்கட்டும்.