அரை அங்குலம் தாழ்ந்த கைப்பிடி

என் அன்புக்குரிய பரமேசு,

இன்று 1997 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. நீ போய் ஒன்பது மாதமும் ஐந்து நாளும் ஆகின்றன. உன் குவளை இன்று கண்காட்சியில் இருக்கிறது. அதைச் சொல்லவும், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் எழுதுகிறேன்.

உனக்குக் களிமண் வேலை பழக்கிய மிரியம் அம்மையார்தான் கேட்டு வாங்கினார். யூதர்களின் சடங்குப் பாத்திரங்களை இன்றைய கலைஞர்கள் தம் மனம்போல் வனைந்திருக்கிறார்கள். மெழுகுதிரித் தாங்கிகளுக்கு நடுவே உன் இரட்டைக் கைப்பிடிக் குவளை. மயானத்திலிருந்து திரும்பினால் அதனால் கைகளுக்கு நீர் வார்ப்பார்களாம். அதை அறிந்த அன்று, "இஞ்சேருங்கோ, நாங்களும் செத்தவீட்டால வந்து கழுவிப்போட்டுத்தானே உள்ளுக்கு வாறனாங்கள்!" என்று எவ்வளவு மகிழ்ந்தாய்!

நானோ அடிமட்டம் எடுத்து அளந்தேன். ஒரு கைப்பிடி அரை அங்குலம் தாழ்ந்து, அகன்றும் இருந்தது. "பிழைச்சுப்போச்சு" என்றேன். "உங்களுக்குக் குவளை தெரியேல்லை, அடிமட்டம்தான் தெரியுது" என்று சிரித்தாய். ஏன் அப்போதே சொல்லவில்லை?

உன் இறுதிக்கிரியை முடிந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் மகள்தான் செம்பால் என் கைகளுக்கு நீர் வார்த்தாள். குவளை அலுமாரிக்குள் இருந்தது. வந்தவர்கள் உன் பிழையைக் காணக்கூடாதென்று நான்தான் பூட்டிவைத்தேன்.

கண்காட்சிக்குக் கொடுத்தபோதும் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தேன்: 'தாழ்ந்த பக்கம் சுவரை நோக்கி இருக்கட்டும்.' இன்று போனால், அந்தப் பக்கம்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! மிரியம் அம்மையாரிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

"உங்கள் துண்டைப் படித்த பிறகுதான் திருப்பிவைத்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "அது பிழையில்லை. உங்கள் மனைவி அதை மூன்று முறை வெட்டி ஒட்டினார். வலக்கைக்கு வார்ப்பது இடக்கைதானே? பக்கவாதத்துக்குப் பிறகு இவருக்கு இடக்கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை, இப்படி இருந்தால்தான் பிடிப்பார் என்றார். உங்கள் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எப்போதும் 'இவர்'தான்." அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே சொன்னார்.

காவலர் தடுக்கவில்லை. தாழ்ந்த கைப்பிடிக்குள் இடக்கை விரல்களை நுழைத்துப் பார்த்தேன், பரமேசு. நான்கும் பொருந்தின. அவ்வளவு அமைதியாக, எப்போது என் கையை அளந்தாய்?

கண்காட்சி டிசம்பர் 14 அன்று முடிகிறது. அன்றே நானே எடுத்துவருவேன். அலுமாரியில் அல்ல, குழாயடியில் வைப்பேன். உன் திவசத்தன்று என் வலக்கைக்கு என் இடக்கையே நீர் வார்க்கும். கொஞ்சம் சிந்தும்; துடைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் 'இவர்'