வெளிப்பந்தலுக்கு இழுத்த ஒயர்

20 பிப்ரவரி 2025, வியாழன்

காலையில் ஒரு காதுகுத்து, மாலையில் ஒரு கட்சிக் கூட்டம். காதுகுத்தில் குழந்தை அழுதது. கட்சிக் கூட்டத்தில் ஒன்றியச் செயலாளர் அழுதார். இரண்டுக்கும் ஒரே மைக்தான். துடைத்து வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் சுடர்விழி போனில். பல்கலைக்கழகத்தில் மாணவர் நலத்துறை வருஷா வருஷம் விருது கொடுக்கிறதே, அதில் சிறந்த மாணவர் சேவை விருது இந்த வருஷம் இவளுக்காம். நவம்பரில் ஹாஸ்டலில் காய்ச்சல் பரவியபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதற்காக. மார்ச் 14 விழா.

"அப்பா, அன்னைக்கு மைக் செட்டு நம்மளதுதானே?"

"ஆறு வருஷமா நம்மளதுதான் ஆத்தா."

"நான் பேசுறப்ப எக்கோ வைக்காதீங்க. போன வருஷம் வி.சி. பேசுனது கெணத்துக்குள்ள விழுந்தவரு கத்துற மாதிரி இருந்துச்சு."

என் வீட்டுக்காரி செவந்தி சிரித்து மாளவில்லை. சிரிக்கட்டும். இந்த வீட்டில் இதற்குமுன் பரிசு வாங்கியவன் நான் ஒருவன்தான். ஏழாம் வகுப்பில் சாக்கு ஓட்டம், மூன்றாம் இடம். ஓடியது மூன்று பேர்.

23 பிப்ரவரி, ஞாயிறு

மகள் வந்தாள். விருது வாங்கப் போகிறவள் முகமாக இல்லை. மீன்குழம்பைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். கடைசியில் சொன்னாள்.

அலுவலர்களில் சிறந்தவர் என்று விருது வாங்கப்போவது ஆத்மநாதன் சார். மாணவர் நல அலுவலர். எனக்கு வருஷா வருஷம் ஆர்டர் கொடுப்பவர். அதே காய்ச்சல் வேலைக்காகத்தான் அவருக்கும்.

"சார் நல்லவருதாம்ப்பா. திங்கக்கெழமைலேர்ந்து ஆஸ்பத்திரிக்கும் ஹாஸ்டலுக்கும் அலைஞ்சாரு, இல்லன்னு சொல்லல. ஆனா ஞாயித்துக்கெழம ஆபீசு பூட்டிக் கெடந்துச்சு. சார் கையெழுத்து இல்லாம ஹாஸ்டல் கேட்டத் தெறக்கக் கூடாதுன்னு ரூல். மூணு பிள்ளைங்க மயங்கிக் கெடக்குதுங்க. இன்னாசிம்மாதான் கேட்டத் தெறந்து நூத்தியெட்டுக்குப் போன் போட்டுச்சு."

இன்னாசியம்மாளை எனக்கும் தெரியும். ஹாஸ்டல் உதவியாளர். விழாவுக்கு முதல் நாள் ஒயர் இழுக்கப் போனால் மோர் கொண்டுவந்து தரும் அம்மா. ஆம்புலன்ஸ் வந்ததும் பேப்பரில் செய்தி வந்துவிட்டது. ஜனவரியில், இனி வர வேண்டாம் என்று அந்தம்மாவிடம் ஒப்பந்தக் கம்பெனி சொல்லிவிட்டது. ஒப்பந்த ஆளுக்கு விருது கொடுக்க விதி இல்லையாம்.

வெளியே அனுப்ப மட்டும் விதி இருக்கும்போல.

2 மார்ச், ஞாயிறு

வீட்டில் சண்டை.

செவந்தி: "கடைசி செமஸ்டருடி. வாய மூடிக்கிட்டுப் போயி வாங்கிட்டு வா."

மகள்: "நான் யாரையும் திட்டப் போறதில்லம்மா. நன்றிதான் சொல்லப் போறேன். பேரச் சொல்லி."

"பேரச் சொன்னா அவுகளத் திட்டுன மாதிரித்தானடி!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மோட்டார் போட மறந்துவிட்டேன் என்று எழுந்து போய்விட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

7 மார்ச்

பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார்களாம். தந்தாள். ஒரு வரியை அடித்துத் திருப்பித் தந்திருக்கிறார்கள். எந்த வரி என்று கேட்கவில்லை. தெரியுமே.

12 மார்ச், புதன்

ஹால் பார்க்கப் போனேன். இந்தத் தடவை கூட்டம் அதிகம், ஹாலில் இடம் பத்தாது, வெளியில் பந்தல் போட்டு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வைக்க வேண்டும் என்றார்கள். ஏ.சி. ஹால், கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியில் கேட்காது. அதனால் தனி ஒயர் இழுக்கணும். மிக்சரில் சத்தத்தை ஏற்றி இறக்க ஹாலுக்கு ஒரு திருகு, பந்தலுக்கு ஒரு திருகு.

ஆத்மநாதன் சார் டீ வாங்கிக் கொடுத்தார். அவரே கேன்டீன் வரை வந்தார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

"ரெங்கசாமி, அது ஒங்க பொண்ணுன்னு தெரிஞ்சுதான் ஒங்ககிட்டயே சொல்றேன்."

"சொல்லுங்க சார்."

"எழுதிக் குடுத்ததத் தாண்டிப் போனா மைக்க எறக்கிடுங்க. லேசா. மைக் ரிப்பேருன்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க. அதுக்கும் அசிங்கம் இல்ல, எனக்கும் இல்ல. வி.சி. முன்னால உக்காந்திருப்பாரு. அப்புறம் யாரு என்னன்னு விசாரணை வந்தா புள்ளைக்குத்தான் கஷ்டம்."

மிரட்டினாரா, அக்கறையா? இரண்டும் ஒரே குரலில் வந்தது. பிறகு டீயை ஆற்றிக்கொண்டே, "முப்பத்தோரு வருஷ சர்வீஸு. மே மாசத்தோட முடியுது. இதுவரைக்கும் ஒரு கேடயம் வாங்குனதில்ல. பேரனக் கூட்டியாரேன்" என்றார். பல்லைக் காட்டிச் சிரித்தார், சின்னப் பையன் மாதிரி.

"சரி சார்" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சரி! வராமல் என்ன? தொழிலே அதுதானே. பத்து மணி ஆனால் போலீஸ் கண்ணைக் காட்டும், தலைவர் மைக்கை இறக்குவேன். கல்யாண வீட்டில் தண்ணி போட்டுவிட்டுப் பாட வரும் தாய்மாமன் மைக்கை இறக்குவேன். இதுவரை ஒருத்தரும் என் வீட்டுச் சோற்றைத் தின்றவர் இல்லை, அவ்வளவுதான்.

13 மார்ச், வியாழன்

ஒயர் இழுத்தோம். குட்டியானை வண்டி ஓட்டுகிற நாகராசு என் அக்காள் மருமகன், ஜெனரேட்டரும் அவன்தான் பார்ப்பான். "என்ன மாமா, மகளுக்கு விருதுன்னா வேட்டிய மடிச்சுக் கட்டி ஆடுவீகன்னு பாத்தா, பேதி கண்ட மாதிரி இருக்கீக?" என்றான். வெயில் என்றேன்.

மாலையில் மகள் போன்.

"அப்பா, நாளைக்கு அந்த வரியச் சொல்லிருவேன். ஒங்ககிட்ட சொல்லாம செஞ்சா நல்லாருக்காது. இன்னாசிம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன். பாஸ் இல்லைன்னு ஹாலுக்குள்ள விட மாட்டாங்க. வெளியில பந்தல்ல உக்காரும்."

எனக்கு இடப்பட்ட உத்தரவை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கணும். "நல்லா சாப்ட்டுட்டுப் போ ஆத்தா" என்றேன். பெரிய யோசனை!

சின்னப் பிள்ளையில் இவள்தான் எனக்கு மைக் டெஸ்டிங். நான் தெருக்கோடியில் போய் நிற்பேன். "அப்பா, வெளியில கேக்குதா?" என்று ஊரே கேட்கக் கேட்பாள். நான் கையைத் தூக்கிக் காட்டணும். தூக்கும்வரை விட மாட்டாள்.

14 மார்ச், வெள்ளி

முடிந்தது. எழுதித்தான் ஆகணும்.

குத்துவிளக்கு, வரவேற்பு, சால்வைக்குமேல் சால்வை. ஆத்மநாதன் சார் கேடயம் வாங்கியபோது ஹாலே கை தட்டியது. அந்தச் சத்தத்தில் அவர் பேரன் வீரிட்டு அழ, அவர் வீட்டம்மா தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் முகம் வாடியது. எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு சுடர்விழி. செவந்தியின் பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். எழுதியதைப் படித்தாள், ஒரு தடங்கல் இல்லை. படித்து முடித்துத் தாளை மடித்தாள். பேசுகிறவர்கள் எழுதியதை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பேசப் போகும்போது ஒரு மூச்சு வரும். மைக் செட்டுக்காரனுக்கு மட்டும் தெரியும் அது. அந்த மூச்சு பாக்ஸில் வந்தது.

"இந்த விருது என் ஒருத்தியோடது இல்ல. அன்னைக்கு எங்ககூட —"

ஆத்மநாதன் சார் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். சைகைகூட இல்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

இறக்கிட்டேன்.

ஆமா, இறக்கிட்டேன். பெத்த மக மைக்க நானே இறக்கிட்டேன். வாய் அசையுது, சத்தம் இல்ல. மத்தவங்களா இருந்தா மைக்கத் தட்டிப் பாப்பாங்க. இவ தட்டல. மைக் செட்டுக்காரன் மகளாச்சே — நேரா என்னைப் பாத்தா. பாத்துக்கிட்டே மிச்சத்தையும் பேசி முடிச்சா. பேச்சு முடிந்தது என்று நினைத்து முன்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மூன்றாம் வரிசையில் செவந்தி தட்டவில்லை. அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

மகள் கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

அப்போதுதான் சாத்திய கதவுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு சத்தம். கைதட்டல், விசில். ஹாலில் இருந்தவர்கள், பையன்கள் ஏதோ சேட்டை என்று முகம் சுளித்தார்கள். நான் மிக்சரைப் பார்த்தேன். ஹால் திருகு இறங்கிக் கிடந்தது. பந்தல் திருகு வைத்த இடத்திலேயே இருந்தது.

நாகராசு ஓடி வந்தான். "மாமா, புள்ள பேசுனது பந்தல்ல அட்சரம் பிசகாமக் கேட்டுச்சு! கேட்டத் தெறந்தது இன்னாசியம்மாள், ஆம்புலன்ஸக் கூப்புட்டது இன்னாசியம்மாள், கேடயத்துல ஒரு பேருதான் எழுத எடம் இருக்கு, அதனால வாயால சொல்றேன்னுச்சு. பேரக் கேட்டதும் அந்தம்மா எந்திரிச்சு நின்னுருச்சு மாமா, யாரோ வரச் சொல்லிக் கூப்புட்ட மாதிரி. அப்புறம் ஒக்காரவே தெரியல அதுக்கு."

15 மார்ச்

மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பந்தலில் கேட்டது அவளுக்கும் தெரிந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"யாரு எறக்கச் சொன்னது?"

சொன்னேன்.

"எப்ப சொன்னாரு?"

அதையும் சொன்னேன்.

"வெளிப் பொட்டிய மட்டும் விட்டிருக்கீங்க. தெரிஞ்சு விட்டீங்களா, மறந்து விட்டீங்களா?"

"அது வந்து —"

"உள்ள ஆபீசருக்கு ஆளு, வெளியில எனக்கு அப்பாவா? பதில் தெரிஞ்சா போன் பண்ணுங்க."

வைத்துவிட்டாள்.

செவந்தி சோறு போட்டாள். குழம்பை இலேசாக இறக்கி வைத்தாள் — அந்த இலேசே எனக்குப் பயமாக இருந்தது.

18 மார்ச்

மறந்தேனா? முப்பது வருஷத்தில் ஒரு திருகை மறந்ததில்லை.

தெரிந்து செய்தேன் என்றால், அவ்வளவு தைரியம் உள்ளவன் ஹால் திருகில் ஏன் கை வைத்தான்?

20 மார்ச், வியாழன்

ஆத்மநாதன் சார் கடைக்கே வந்துவிட்டார். ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். திட்டப் போகிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"வெளியில போயிக்கிட்டிருந்ததா மைக்கு?"

"ஆமா சார்."

"நான் ஹால்ல இருந்தேன், எனக்குக் கேக்கல. என் வீட்டுக்காரி பேரன வச்சுக்கிட்டு பந்தல்ல நின்னிருக்கா. வீட்டுக்குப் போனதும் கேடயத்த வாங்கி டி.வி. மேல வச்சா. வச்சுட்டு, யாருங்க அந்த இன்னாசியம்மான்னு கேட்டா." ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஆறு நாளாச்சு ரெங்கசாமி. இன்னும் பதில் சொல்லல."

"எனக்கும் ஒரு கேள்வி நிக்கிது சார்" என்றேன்.

இருவரும் டீ குடித்தோம். இந்தத் தடவை காசு நான் கொடுத்தேன். போகும்போது, அந்தம்மா இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். கந்தர்வக்கோட்டையில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறது என்று செவந்தியிடம் மகள் சொல்லியிருக்கிறாள். சொன்னேன்.

21 மார்ச்

போன் பண்ணினேன்.

"பயத்துலதான் ஆத்தா எறக்கினேன். ஹால் திருக எறக்கிட்டு, பந்தல் திருகு மேலயும் கை போச்சு. வச்சேன். அந்தம்மா வெளியில ஒக்காந்திருக்குன்னு நெனப்பு வந்துச்சு. கை நகரல. அவ்வளவுதான் நடந்துச்சு. அத மறதிங்கிறதா தைரியம்ங்கிறதா, எனக்குத் தெரியல."

லைன் போய்விட்டதோ என்று போனைத் தட்டினேன். நானே தட்டுகிறேன் பார்!

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"சாப்ட்டேன்."

"பொய் சொல்லாதீங்க. அம்மா சொன்னுச்சு."

16 ஏப்ரல்

பட்டமளிப்பு விழா ஆர்டர் திருச்சிக்காரருக்குப் போய்விட்டது. அவரிடம் எல்.இ.டி. திரை இருக்கிறதாம். என்னிடம் ஜமுக்காளம்தான் இருக்கிறது.

மகளின் பிராக்டிகல் மார்க்கில் யாரும் கை வைக்கவில்லை.

31 மே, சனி

ஆத்மநாதன் சார் பணி நிறைவு. பல்கலைக்கழகத்தில் நேற்றே ஒன்று நடந்துவிட்டது, திருச்சிக்காரர் மைக். இன்றைக்கு அவர் சொந்தச் செலவில், கந்தர்வக்கோட்டையில் ஒரு சின்ன மண்டபம். "ஒங்க மைக்குதான்" என்று வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்தார். அதைச் செவந்தி கையில் கொடுத்தார், என் கையில் இல்லை.

மேடையில் மூன்று நாற்காலி. அவருக்கு, அவர் வீட்டம்மாவுக்கு, மூன்றாவது இன்னாசியம்மாளுக்கு. அந்தம்மா கீழேயே நின்றுகொண்டு, "நான் இங்கிட்டே இருந்துக்கிறேன் சார், எனக்கு மேடையெல்லாம் ஆகாது" என்றது. சாரின் வீட்டம்மா இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஆகாதுன்னா எனக்கும்தான் ஆகாது. வாங்க, ரெண்டு பேருமா ஆகாம உக்காந்திருப்போம்."

பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கும் மகளும் வந்திருந்தாள். சமையல் கொட்டகைப் பக்கம் ஒரு பாக்ஸ் வைக்கச் சொன்னது அவள்தான். ஒயர் இழுத்து வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

பாக்ஸில் ஒரு மூச்சு வந்தது.

"அப்பா, வெளியில கேக்குதா?"

கையைத் தூக்கிக் காட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"சரி. நீங்க அங்கிட்டே நில்லுங்க. இன்னைக்கு மிக்சர்ல நான் ஒக்காந்துக்கிறேன்."

அடுப்படியில் எல்லாரும் சிரித்தார்கள். தூக்கிய கையை இறக்க எனக்குத் தோன்றவில்லை.