திங்கட்கிழமை வந்த பர்மிட்

என் மனைவிக்கு,

2024 நவம்பர் 14, காலை 6.40. கனடாவில் படிப்பு முடித்து, வேலை பர்மிட்டுக்கு நாம் பிராம்ப்டனில் ஒன்றாக விண்ணப்பித்து 118 நாள். எனக்கு இன்னும் வரவில்லை. உனக்குத் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

உன் விண்ணப்பத்திலும் என் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தேன். அதனால் உனக்குத் தெரியாது. நேற்று, வேலைக்காகப் போயிருக்கும் கல்கரியிலிருந்து, "என்னங்க, வந்துச்சா? நாளைக்குள்ள காட்டலன்னா இன்ஜினியர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க" என்றாய். "இல்ல" என்றேன்.

நான் வேலை பார்க்கும் கிடங்கில், என்னை அண்ணன் என்ற பொருளில் 'பாஜி' என்று கூப்பிடும் பஞ்சாபிக்காரன் பல்கார், "பொண்டாட்டி பாலம் கட்டுவா, நம்ம பாஜி பெட்டி கட்டுவாரு!" என்று சிரிக்கிறான். நானும் சிவில்தான். மதிப்பெண் உன்னைவிட அதிகம். பொறாமைதான், வேறென்ன?

இனிச் செய்யப்போவது:

1. உன் பர்மிட்டை இத்துடன் அனுப்புகிறேன். எழுந்ததும் ஆபீசில் காட்டு.
2. உன் விண்ணப்பக் கணக்கில் உன் மின்னஞ்சலையே போடுகிறேன்.
3. நீ அழைத்தால் எடுப்பேன். திட்டு, குறுக்கே பேசமாட்டேன்.

பொய் சொன்ன
உன் கணவன்