பாத்திரக்கடை ஈயம்

அருப்புக்கோட்டை
14-2-1974

அன்புள்ள கஸ்தூரிக்கு,

முருகேஸ்வரி எழுதுவது. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்குப் பேனா கிடைக்கிறது. கையெழுத்து கோணலாக இருக்கும். நீயும் அம்மாவும் பெங்களூரில் சுகம்தானே? இங்கே மாசி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது.

உன் பார்சல் பத்திரமாக வந்தது. டிரான்சிஸ்டர்கள், இயர்போன் எதுவும் உடையவில்லை. நல்ல செய்தியோடு எழுதலாமென்று காத்திருந்தேன். நல்ல செய்தி வந்தது. சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது.

தங்கத்தாய்க்கு வருகிற ஆனியில் ஐந்து வயது முடிகிறது. இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை. காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இருக்கும், மெட்ராஸ் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றார் மதுரை டாக்டர். கேட்குமா கேட்காதா என்று தெரியாமல் அவ்வளவு தூரம் எதற்கு என்கிறார் என் மாமனார். தெற்கே காது கேளாத பிள்ளைகள் பள்ளி ஒன்றில் இடமும் கேட்டு வைத்துவிட்டார். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். ஆனியில் கொண்டுபோய் விட்டால் பிறகு லீவுக்குத்தான் பிள்ளை வீட்டுக்கு வரும். அதற்குள், அவளுக்குக் கொஞ்சமாவது கேட்கிறது என்று நான் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் சத்தத்தைப் பெரிதாக்கும் அந்தச் சின்னக் கருவி.

ஈயம் மட்டும் அனுப்ப வேண்டாம், எங்கள் கடையிலேயே கிடக்கிறது என்று உனக்குப் பெருமையாக எழுதினேன் அல்லவா? கடையில் ஓட்டை அண்டாவுக்குப் பற்றவைக்கிற வீரணனிடம் ஈயக்கட்டியும் திராவகமும் வாங்கிவந்து, கரி அடுப்பில் சூட்டுக்கோலைக் காய்ச்சி நானே பற்றவைத்தேன். மாமனார் பார்த்துவிட்டு, "நம்ம ஈயம் அண்டாவுலயே நிக்கிது, ஒன் ஒத்த வயருல நிக்காதாம்மா?" என்றார். வீரணன், "அக்கா, எம்பொழப்புல மண்ணப் போட்டுறாதீக" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

கருவி வேலை செய்தது, கஸ்தூரி. தங்கத்தாய் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இயர்போனை அவள் காதில் வைத்துவிட்டு, பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கை அப்படியே நின்றது. திரும்பினாள். எழுந்து வந்து என் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் கூப்பிடு என்பது போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் அப்போது சரக்கு விஷயமாக வெளியூரில் இருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் இயர்போனில் கரகரவென்று இரைச்சல் மட்டும்தான். பிறகு அதுவும் இல்லை. பிரித்துப் பார்த்தால் பற்றவைத்த இடமெல்லாம் பச்சை பூத்திருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்று அரித்து அறுந்தே போயிருந்தது. அண்டாவைப் பற்றவைத்ததும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். திராவகம் அதோடு போய்விடுகிறது. என் கருவியை எந்தத் தண்ணீரில் கழுவ? நம் காலேஜ் லேபில் பழுப்பாக ஒரு பிசின் டப்பா இருக்குமே, திராவகத்துக்குப் பதில் அதைத் தொட்டுத்தானே வைப்போம்! எதற்கென்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிக்கவில்லை. "நீ பக்கத்துல நின்னுருப்ப. மூச்சுப் பட்டுத் திரும்பியிருக்கும். ஆசை இருந்தா அப்படித்தான் தெரியும் முருகு" என்றார். இயர்போன் கம்பி குட்டைதான். பக்கத்தில்தான் நின்றேன். அன்றிலிருந்து என் தூக்கம் போயிற்று.

ஆனாலும் மதுரைக்குப் போனபோது எனக்காக ரேடியோக் கடையில் கேட்டிருக்கிறார். வெள்ளீயமும் காரீயமும் நாற்பதுக்கு அறுபது, பாதிக்குப் பாதி, அறுபதுக்கு நாற்பது என்று பல தினுசாம். பிசின் உள்ளே வைத்த கம்பி தனியாம். "எது வேணும்னு வீட்டம்மாட்ட கேட்டுட்டு வாங்கண்ணே" என்றாராம் கடைக்காரர். வெறுங்கையோடு வந்து என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லையே.

நீ நாள் முழுக்க ஃபாக்டரியில் இதே வேலையாக இருக்கிறவள். உங்கள் பெஞ்சில் எந்தக் கம்பி, எவ்வளவு கனம்? மெதுவான சூட்டிலேயே உருகுவது எது? என் சூட்டுக்கோல் பட்டு டிரான்சிஸ்டரும் வெந்திருக்குமா, இல்லை பழைய ஈயத்தைச் சுரண்டிவிட்டு அந்த டிரான்சிஸ்டரையே திரும்ப வைக்கலாமா? இன்னொரு பயம். காரீயம் நஞ்சு என்று படித்தோம். இவள் கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற பிள்ளை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் சோறு ஊட்டுகிறேன். அது போதுமா?

இந்தத் தடவை நீளமான கம்பி போடப் போகிறேன். பிள்ளை அவர் மடியில் இருக்கட்டும். நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடுவேன். அவள் திரும்பாவிட்டால், பெட்டியில் துணி அடுக்கி நானே கூட்டிப்போய் அந்தப் பள்ளியில் விட்டுவிட்டு வருவேன், அழ மாட்டேன். தெரியாமல் மட்டும் என்னால் அனுப்ப முடியாது.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல். உனக்கும் சீக்கிரம் ஒரு நல்ல இடம் அமைய வேண்டும். உன் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசி உன்னைப் படுத்த வேண்டும்.

எந்தக் கம்பி என்று ஒரு கார்டிலாவது எழுதிப் போடு. தாமதிக்காமல் பதில் எழுது, கஸ்தூரி.

உன்,
முருகேஸ்வரி