பெற்ற அப்பனுக்கே சீட்டு இல்லை

பிஷ்கெக்
பிப்ரவரி 19

அன்புத் தம்பி எர்மெக்குக்கு,

அக்கா சய்ராகுல் எழுதுவது. நீ எங்கே தங்கியிருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். உன் போன் எண்ணை மாற்றிவிட்டாய். அதனால் மாஸ்கோவுக்குச் சரக்கெடுக்க வருகிற பக்கத்துக் கடை அசெலின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கம்பளி வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி. கிடங்கில் நாள் முழுக்க நிற்பவனுக்கு முதலில் போவது கால்தான். கடிதத்தைப் படிக்காவிட்டாலும் பூட்ஸைப் போட்டுக்கொள்.

இங்கே வியாபாரம் மந்தம். தோர்தோய் சந்தையில் எங்கள் பூட்ஸ் வரிசையில் மூன்று கடைகள் மூடிக் கிடக்கின்றன. உன் கேமராவை விற்றுவிடச் சொல்லிப் போனாய். இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். விலை படியவில்லை என்று அனுப்பிவிட்டேன். படிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ எடுத்து நான் காசு போட்ட படத்தைப் பற்றி இனி பேசவே வேண்டாம் என்றாய். நான் பேசித்தான் ஆக வேண்டும்.

எந்தப் படத்துக்கு எந்த நேரம் என்று முடிவு செய்கிற அந்தத் தியேட்டர் மெலிஸை நான் எப்படிப் பிடித்தேன் என்று உனக்குத் தெரியாது. அவன் மனைவிக்கு இரண்டு ஜோடி பூட்ஸ் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டு, "நீங்க எனக்குச் சொந்த அக்கா மாதிரி" என்றான். சொந்த அக்காவின் படத்துக்குக் காலை பதினோரு மணி. அந்த மாமியார் மருமகள் சிரிப்புப் படத்துக்குச் சாயங்காலம் முழுவதும், ஏனென்றால் அதை எடுத்தவன் அவனுடைய சம்பந்தி. நான் அவன் அறை வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்ட பிறகு சனிக்கிழமையிலிருந்து ஏழு மணிக் காட்சி ஒன்றை விட்டுக்கொடுத்தான். மூன்றில் ஒரு பங்கு இருக்கை விற்காவிட்டால் மறுநாளே அது சம்பந்திக்குப் போகும் என்றும் சொன்னான்.

அந்தச் சிரிப்புப் படத்தைப் பதினோரு நாளில் எடுத்தார்கள். ஏழு வாரம் ஓடியது. அதே ஆட்கள், அதே மாமியாரை வைத்து இரண்டாம் பாகம் எடுத்து போன மாதம் விட்டார்கள். மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. ஏன் என்று மெலிஸையே கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏங்க்கா சம்பளத்துக்கு உக்காந்திருக்கேன்" என்றான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அது. எந்த மாதம் எந்த அளவு பூட்ஸ் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தத் தொழிலில் எனக்குக் கண் திறந்திருந்தும் ஒன்றும் தெரியவில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலைக் காட்சிக்குக் கூட்டமில்லை. சனிக்கிழமை ஏழு மணிக் காட்சி முழுவதையும் நானே வாங்கினேன், எர்மெக். ஒரு சீட்டு விடாமல். கடை போட்ட புதிதில் பக்கத்துக் கடைப் பெண்களை என் கடை முன்னால் நிறுத்தி விலை பேசச் சொல்வேன். போகிறவர்கள் அதைப் பார்த்து நிற்பார்கள். அப்படித்தான் முதல் சரக்கு போனது. வாசல் பலகையில் 'இடமில்லை' என்று விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை ஊரே வரும் என்று கணக்குப் போட்டேன். சீட்டுகளைச் சந்தையில் பங்கிட்டுக் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சனிக்கிழமை மொத்த வியாபார நாள், அன்று பனி வேறு. வந்தது ஆறு பேர்.

நீ பின்னால் நின்று அந்த ஆறு தலைகளைப் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமையும் ஊர் வரவில்லை. யாருக்கும் வேண்டாத படம் என்று எழுதிவைத்துவிட்டுத் திங்கட்கிழமை ரயிலேறினாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன வாரம் வரை.

போன வாரம் அந்தத் தியேட்டரில் சீட்டுக் கொடுக்கிற பெண் என் கடைக்கு வந்தாள். நுர்ஸாத் என்று பெயர். பூட்ஸைக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டே, "அந்த லாரிப் படம் உங்களுதுதான? அந்தச் சனிக்கெழம நாப்பது பேரத் திருப்பி அனுப்பினேன்க்கா. சீட்டு இல்லன்னதும் பாதிப் பேரு பக்கத்துல சிரிப்புப் படத்துக்குப் போயிட்டாங்க" என்றாள்.

பிறகு சொன்னாள்: "ஒரு பெரியவர், வெள்ளைக் கல்பாக் தொப்பி, கொச்கோர்லேர்ந்து வந்தேன்னாரு. 'எம் பையன் படம்மா'ன்னாரு. சீட்டு இல்லன்னதும் அவரு மொகத்தப் பாக்கணுமே. ஓரமா நின்னு பாருங்க தாத்தா, உள்ள விடறேன்னேன். 'வேணாம், காசு குடுத்தவங்க பாக்கட்டும். கூட்டம் வெளிய வர்றதப் பாத்துட்டுப் போறேன்'னு பெஞ்சில உக்காந்துட்டாரு."

நீ படிப்பை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கியதிலிருந்து நான்கு வருடம் உன்னிடம் பேசாத மனிதர் அவர். யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார். படம் முடிகிற வரை உட்கார்ந்திருக்கிறார். கதவு திறந்து ஆறு பேர் வந்தார்கள். ஏழாவதாக நீ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பெரியவர் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு தூண் பக்கம் திரும்பிக்கொண்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊருக்கு, கொச்கோருக்குப் போனேன். வீட்டில் பக்கத்து வீட்டு ஜூமாகுலும் இன்னும் இருவரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "பெத்த அப்பனுக்கே சீட்டு இல்லன்னுட்டாங்கய்யா. அவ்ளோ கூட்டம்." நான்கு மாதமாக இதைத்தான் சொல்கிறாராம். ஜூமாகுல் விடவில்லை. "அவ்ளோ கூட்டம்னா உம் பையன் ஏன்யா மாஸ்கோல மூட்ட தூக்கறான்?" என்றான். "மூட்டையா? அங்கயும் நம்ம ஆளுங்க இல்லியா, அவங்களுக்குப் படம் காட்டப் போயிருக்கான். நீ டீயக் குடி" என்றார் அப்பா.

அவர்கள் போன பிறகு அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "நீ உன் பூட்ஸப் பாரு" என்று நிறுத்திவிட்டார்.

படம் ஓடியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேரால் ஒரு படம் ஓடாது. ஆனால் அவர்கள் பனியில் வந்தார்கள். நீ அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நாற்பது பேரை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான். அதை என்னால் எந்த விலைக்கும் திரும்ப வாங்கித் தர முடியாது. மெலிஸ் இனி ஒரு காலைக் காட்சிகூடத் தர மாட்டான். இன்னொரு படத்துக்கு என் கையிலும் ஒன்றுமில்லை. உனக்கு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

அப்பாவுக்கு இந்தக் குளிர்காலத்தில் மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. நுரையீரல் என்கிறார் டாக்டர். மலையிறங்கி நகரத்துக்கு இனி வர மாட்டார். உன் படத்தில் மலைக் கணவாயில் லாரியோடு மாட்டிக்கொள்கிற அந்த ஓட்டுநர் யார் என்று அவருக்கு இன்னும் தெரியாது. தான் ஓட்டிய பழைய லாரியை நீ என் மூலமாக எதற்கு இரவல் வாங்கினாய் என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியதல்ல.

கிளம்பும்போது வாடகைக் கார் வரை கூடவே வந்தார். மூன்று இடத்தில் நின்று நின்று வந்தார். கதவைச் சாத்தும் முன் சொன்னார்: "அவன்கிட்ட சொல்லு, சீட்டு கெடைக்காத ஆளு ஒருத்தன் இன்னும் உக்காந்திருக்கான்னு."

திரையாகக் கட்ட வெள்ளைத் துணி என் கடையில் இருக்கிறது, தம்பி. சுவர் அவர் வீட்டில் இருக்கிறது. நீ வரும் வழியெல்லாம் திறந்திருக்கட்டும், எந்தக் கணவாயிலும் உனக்குப் பனி விழாமல் இருக்கட்டும்.

உன் அக்கா,
சய்ராகுல்