ஏழாம் தந்தியின் தகராறு

கியோத்தோ,
நவம்பர் ஒன்பது

மரியாதைக்குரிய கினுவேவுக்கு,

இலைகள் சிவந்து உதிரும் இந்நாளில் நீ நலமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன்.

முதலில் என் மானக்கேடு. நீ கோபித்துக்கொண்டு வெளியேறியபோது, வாசல்வரை துரத்தி வந்து திட்டத்தான் எழுந்தேன். மண்டியிட்டிருந்ததில் கால் மரத்துப்போய், பயறு இனிப்புத் தட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். கிமோனோவின் பின்பக்கத்தைப் பார்த்த சலவைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. அது இன்னும் அவமானம்.

இப்போது உன் விஷயம். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். இரண்டு கோட்டோ வாத்தியங்களின் தந்திகள் சுருதி சேராவிட்டால் ஒலி அலையடிக்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகும், சேர்ந்தால் நின்றுவிடும். அன்று நம் ஏழாம் தந்திகள் "வொய்ங், வொய்ங்" என்று அழுதன. குழல் வாசிக்கும் ஷிரகாவா, "அம்மா, படகுல போற மாதிரி குமட்டுது. யாராவது ஒருத்தர் தந்திக்கு அடியில இருக்குற குதிரைய நகத்துங்களேன்" என்று கும்பிட்டார்.

யார் நகர்த்துவது? இளையவள்தான் தன் தந்தியை மூத்தவளின் தந்தியோடு சேர்க்க வேண்டும். வயதில் நான் மூத்தவள். குருவிடம் முதலில் சேர்ந்தவள் நீ. இருவரும் அசையவில்லை.

தேநீர் குடித்துவிட்டு வந்ததும், "போனாப் போகுதுன்னு நானே உன் சுருதிக்கு வந்துட்டேன், மசுயோ" என்றாய். மீட்டினோம். அதே வொய்ங். "வந்தியா? எந்த வழியா வந்தே, டோக்கியோ சுத்தியா?" என்று கேட்டேன். ஷிரகாவா சிரித்துவிட்டார். நீ தந்தி மீட்டும் விரல்நகக் கூடுகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, "என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே. இனி தனியாவே வாசிச்சுக்கோ" என்று கனசாவா ரயிலைப் பிடித்தாய்.

இருபதாம் தேதி குருவின் நினைவுக் கச்சேரி. அவர் நம் இருவருக்காக எழுதிய பாட்டு. நீ இல்லாமல் வாசித்தால், தொலைபேசிப் பேச்சை ஒருபக்கம் மட்டும் கேட்பதுபோல் இருக்கிறது. கோபேயிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துப் பார்த்தேன். சொன்ன இடத்துக்கெல்லாம் குதிரையை நகர்த்துகிறாள். திட்டுவதற்கு எதுவுமே இல்லை. சகிக்கவில்லை.

அங்கே குளிர்மழை தொடங்கியிருக்கும். விரல்களைச் சூடாக வைத்துக்கொள். உன் ஆணவம் ஒரு குறையுமின்றி நீடூழி வாழட்டும். அதையும் தூக்கிக்கொண்டு பத்தொன்பதாம் தேதிக்குள் வந்துவிடு.

ஆறாத கோபத்துடன்,
மசுயோ

பி.கு.: அன்று தேநீர் வேளையில் நீ கைகழுவப் போயிருந்தாய். மீட்டினால் ஷிரகாவாவுக்குக் கேட்டுவிடும் என்று, நீ முன்பே உன்னுடையதை நகர்த்திவிட்டது தெரியாமல், கண்ணளவில் நானும் என் ஏழாம் குதிரையை உன் சுருதிக்கு நகர்த்தியிருந்தேன்.