கேளாமல் கொடுத்த இலக்கம்

உடுவில்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மகள் தாரிகாவுக்கு அம்மா எழுதுவது. அம்மாளாச்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, மிளகாய்க்கன்றுக்குத் தண்ணீர் விட அவரே போகிறார், சொன்னால் கேட்கிற ஆளா.

உன் மாமியார் தொலைபேசியில் கேட்டது இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. கலியாணம் முடிந்து ஒரு வருசமான பிறகும் உன் படம் திருமண சேவையில் மாப்பிள்ளை தேடிக்கொண்டு நிற்கிறது, இது என்ன வெட்கக்கேடு என்று கேட்டார். நீ அழுத அழுகையும், மருமகன் உன்னோடு முகம் கொடுத்துக் கதையாமல் திரிந்ததும் எனக்குத் தெரியும். உனக்காகப் பதிந்தபோது என் கடன் அட்டையில்தான் வருசக் காசு போனது, கலியாணத்தோடு அந்த அட்டைக்கும் தவணை முடிய நானே பாக்குவெட்டியால் வெட்டி எறிந்தேன், அதோடு எல்லாம் சரி என்றிருந்தேன். புது அட்டை புது இலக்கத்தோடு வந்தது, அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வங்கிதான் என்னைக் கேளாமல் திருமண சேவைக்காரனுக்குக் கொடுத்திருக்கிறது, அவனும் காசை எடுத்து உன் விளம்பரத்தைப் புதுப்பித்துவிட்டான்.

வங்கியில் அட்டைப் பகுதிக்குப் பொறுப்பு யார் தெரியுமோ, எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டு நிருஷன். வயிறெரியப் போய்க் கேட்டேன். அவன் கணினியை விட்டுக் கண்ணெடுக்காமல், "அட்டை புதுப்பிச்சால் புது இலக்கத்தை வருசா வருசம் காசெடுக்கிற ஆக்களுக்கு நாங்களே குடுப்பம் அன்ரி, உங்கடை வசதிக்குத்தான்" என்றான். என் பிள்ளை அங்கே அழுகிறாள், இவன் வசதி கதைக்கிறான். விளம்பரத்தை எடுப்பித்துவிட்டேன், ஆனால் அந்தச் சொல்லை மறக்கவில்லை.

அம்மாளாச்சி கண் திறந்தாள் பிள்ளை. போன கிழமை சண்டிலிப்பாயிலிருந்து பத்மாசினி என்றொருவர் வந்தார், தன் மகளுக்கு நிருஷனைப் பேசியிருக்கிறார்களாம், அயலில் விசாரிக்காமல் கொடுக்க முடியாதே, பொடியன் எப்படி என்று கேட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. குடியில்லை, நல்ல உத்தியோகம், தாய் தகப்பனில் மரியாதை என்றேன். பிறகு மெதுவாக, எங்கள் வீட்டு விசயமொன்றை எங்களைக் கேளாமல் பிறத்தியாருக்குக் கொடுத்துவிட்டான், என் மகளின் வாழ்க்கையே குழம்பப் பார்த்தது, அவனுக்கு அது பிழையாகவும் தெரியவில்லை என்றேன். அவர் தேத்தண்ணியைக் குடியாமலே எழும்பிப் போனார். சம்பந்தம் குழம்பிவிட்டது. மேலிடம் சொன்னதைத்தானே அந்தப் பொடியன் செய்தான் என்று அப்பா என்னோடு கோபம். எனக்கென்றால் ஒரு துளி கவலையுமில்லை, அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இந்தக் கடிதத்தை மருமகனுக்கும் மாமியாருக்கும் அப்படியே வாசித்துக் காட்டு. உன் அட்டையை மாற்றும்போது இலக்கத்தை யார் யாருக்குக் கொடுப்பார்கள் என்று முதலே கேள், அட்டை முடிந்தால் எல்லாம் தானாக நின்றுவிடும் என்று இராமல் வேண்டாததை நீயே நிறுத்து. தலைக்குக் கம்பளித் தொப்பி போடாமல் வெளியே போகாதே. இரண்டு பேரும் மனமொத்து நல்லாயிருங்கள்.

இதோடு முடித்துக் கடிதத்தை மடிக்கப் போக, நிருஷன் படலையில் வந்து நின்றான், அதையும் எழுதிவிடுகிறேன். முகம் கறுத்துப்போயிருந்தது. "என்னை ஒரு சொல்லுக் கேளாமல் அவையளிட்டை ஏன் அன்ரி சொன்னனீங்கள்?" என்றான். "அவையின்ரை வசதிக்குத்தான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினேன்.

உன் அம்மா,
சிவக்கொழுந்து